கட்டில் யாருக்கு வேண்டும்?

இராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் தீராத இருமலுடன் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிகிறது. அவர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாமா? மருத்துவமனையில் தங்க வேண்டுமா?

முன்பெல்லாம் இக்கேள்வி எழவில்லை. காசநோயாளி மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்றே கருதினர். ஆனால் நம் நாட்டில் அத்தனை கட்டில்களுக்கு எங்கே போவது? சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஏறத்தாழ 190 நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். மருந்து இருவருக்கும் ஒன்றே. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர் தம் வீட்டில் இருந்தனர். ஓராண்டுச் சிகிச்சையின் முடிவு 1959இல் வெளியாயிற்று. எளிய உணவுண்டு வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை!

ஆகவே, எல்லாருக்கும் கட்டில் தேவையில்லை. அப்படியானால் எவருக்குமே தேவையில்லையா? அவ்வாறன்று. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கின்றன. ஆபத்தில் உள்ளவரை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்காகத் தமிழக அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணை நின்றது. நீண்ட சோதனைப் பட்டியலை விட்டு, எந்தச் சுகாதார ஊழியரும் சில நிமிடங்களில் எடுக்கக்கூடிய அளவுகளையே தேர்ந்தெடுத்தனர். எடையும் உயரமும் எவ்வளவு? நிமிடத்திற்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டுக்குக் கீழா? பிடிமானமின்றி நிற்க முடிகிறதா?

ஆக்சிஜனை அளப்பது இயற்பியலே. விரலில் மாட்டும் சிறு கருவி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாக உறிஞ்சும்; ஆக்சிஜன் இழந்த இரத்தம் மிகுதியாக உறிஞ்சும். இரு ஒளிகளும் எவ்வளவு வெளிவருகின்றன என்று ஒப்பிட்டுக் கருவி விடை சொல்லிவிடும்.

நம் தொழிலாளியின் எடை 35 கிலோ, உயரம் 1.6 மீட்டர். எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால், 35 ÷ 2.56 = 13.7. பதினான்கும் அதற்குக் கீழும் அபாயம்! தம் காலாலேயே நடந்து வந்தவர்தாம். ஆயினும் அவருக்குக் கட்டில் வேண்டும். அளந்திராவிட்டால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் அளவுகோல் ஒன்றே. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம்.