'ரைட் ஆஃப்' என்றால் கடன் தீர்ந்ததா?

வங்கிகள் கடனை 'ரைட் ஆஃப்' செய்தன என்பதைப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'தள்ளுபடி' என்றே எழுதுகின்றன. விலையைக் குறைப்பதும் தள்ளுபடி. விவசாயக் கடனை அரசு ரத்து செய்வதும் தள்ளுபடி. ஒரே சொல் பல பொருளில் வருவதால், வியாபாரிகள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

'ரைட்' என்றால் எழுதுவது. அதோடு 'ஆஃப்' சேர்ந்தால், இனி வராது என்று கருதும் தொகையைக் கணக்கிலிருந்து கழித்து எழுதுவது. கடன்பட்டவரை விடுவிப்பதற்கு 'வெய்வ்' என்ற வேறு சொல் உண்டு. விபத்தில் சிக்கிய வண்டி 'ரைட் ஆஃப்' என்றால், பழுது பார்த்துக் கட்டுப்படியாகாது என்று பொருள். ஒருவரை 'ரைட் ஆஃப்' செய்தார்கள் என்றால், இனித் தேறமாட்டார் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

வங்கி உங்கள் கடனைக் கழித்து எழுதினாலும் உங்கள் பொறுப்பு தீராது. 'டெக்னிக்கல் ரைட் ஆஃப்' வசூல் உரிமையை விட்டுக்கொடுப்பது அல்ல என்று ரிசர்வ் வங்கி 2023-இல் விளக்கியுள்ளது. ஆகவே கடன் முடிந்தது என்று எழுத்து மூலம் சான்று பெறாமல் இருந்துவிடாதீர்கள்.

நம் கடைப் பாக்கிக்கும் இதுவே பொருந்தும். வராக்கடன் என்று எழுதிய பிறகும் வசூலிக்கலாம். வந்த தொகையை வருமானமாகக் காட்ட வேண்டும். வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுகளே அவகாசம். அதற்குள் வாடிக்கையாளர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் காலம் புதிதாகத் தொடங்கும்.

வருமான வரியில் கழிவு பெற, முன்பு கடன் வராது என நிரூபிக்க வேண்டியிருந்தது. 1989-க்குப் பின் கணக்கில் கழித்து எழுதினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதிசெய்தது. ஆனால் அந்த விற்பனை ஏற்கெனவே வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும். விற்றுமுதலில் சதவீத அடிப்படையில் வரி கட்டுவோருக்கு இக்கழிவு தனியாகக் கிடையாது. அப்பாக்கிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யும் திரும்ப வராது.

சரக்கிலும் கவனம் தேவை. வண்டு விழுந்த பருப்பின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது 'ரைட் டவுன்'. அதையே அடியோடு கழித்து எழுதினால் 'ரைட் ஆஃப்'. அப்போது அச்சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பித் தர வேண்டும்.

எனவே ஆண்டுக் கணக்கு முடிக்குமுன் பழைய பாக்கிகளைப் பட்டியலிட்டு, முதலில் கையெழுத்து வாங்குங்கள். வராதது எது என்பதைப் பிறகு ஆடிட்டருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.