டுரியான் வாசமா, கேஸ் வாசமா?

டுரியான் பருவத்தில் நம் ஊர் வீடுகளில் லேசாகக் கேஸ் வாசம் வந்தால், "பழமாக இருக்கும்" என்று விட்டுவிடத் தோன்றும். சிரிக்காதீர்கள். 2018 ஏப்ரலில் மெல்பர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் கசிவதாக எண்ணி 500 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். தீயணைப்பு வீரர்கள் தேடிக் கண்டுபிடித்தது அலமாரிக்குள் அழுகிக் கிடந்த டுரியானை! அந்தப் பழத்தில் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம் உண்டு. சமையல் கேஸில் நாற்றத்துக்காகப் பொதுவாகக் கலப்பதும் அதுவே.

கேஸுக்கென்று சொந்த வாசம் கிடையாது. 1937 மார்ச் 18-ல் டெக்சஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசமில்லாத வாயு தரைக்கடியில் சேர்ந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். நாற்றம் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் அதன் பிறகுதான் வந்தன.

ஆனால் மூக்கை முழுதாக நம்ப முடியாது. சிறிது நேரத்தில் அது வாசத்துக்குப் பழகிவிடும். சளி பிடித்தால் வேலையே செய்யாது. கேஸ் தோம்பில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு படர்ந்து, அடுப்பு மேடைக்கடியிலும் பின்பக்க லொங்காங்கிலும் தேங்கும். காற்றில் 2 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பத்தடிக்குப் பத்தடி சமையலறைக்கு ஒரு கிலோ கேஸ் போதும். தோம்பிலோ 14 கிலோ இருக்கிறது.

1962-ல் ஜப்பானின் நாவோயோஷி தாகுச்சி, மூக்குக்குப் பதிலாகக் கசிவை உணரும் கருவிக்கு ஒரு வழி கண்டார். சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன், மின்சாரம் பாய்வதைத் தடுக்கும். கேஸ் வந்ததும் அந்த ஆக்சிஜன் அதனோடு வினைபுரிந்து விலகும். மின்சாரம் தாராளமாகப் பாயும், மணி அலறும். கொசு மருந்து அடித்தாலும் சில கருவிகள் அலறும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கருவியைக் கூரையோரம் மாட்டுவது. அந்த இடம் குழாயில் வரும் இயற்கை வாயுவுக்கு உரியது. அது காற்றைவிட லேசு. 2025 ஏப்ரல் 1-ல் புத்ரா ஹைட்ஸ் குழாய்த் தீயில் எரிந்தது அந்த வகை. தோம்பு கேஸுக்குக் கருவி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும்.

வாசம் வந்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. காற்றாடியும் அப்படித்தான். நம் வீடுகளில் பலர் மறப்பது எரிகிற சாமி விளக்கை; அதை மட்டும் அணைத்துவிடுங்கள். முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறங்கள், எல்லாரையும் வெளியே அழைத்து வாருங்கள். வாசலைத் தாண்டி வந்த பிறகே கைப்பேசியை எடுத்து 999-க்கு அழைத்துப் பொம்பாவைக் கூப்பிடுங்கள்.

கசிவு இல்லாத நாளிலும் சோப்பு நுரையை ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம். குழாயில் குமிழி வந்தால் புதுக் குழாய் வாங்குங்கள். தோம்பின் வாயிலேயே குமிழி வந்தால், தீ எதுவும் இல்லாத திறந்த வெளியில் அதை நிமிர்த்தி வைத்து, கேஸ் கொண்டுவருபவரிடம் வேறு தோம்பு கேளுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள்.