பொய்ச் சண்டை... நிஜக் கழுத்து!

குற்றாலத்துச் சாரல் அச்சன்புதூர் வரைக்கும் வந்து நனைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். டீக்கடை பெஞ்சில் மல்யுத்தப் பேச்சு. அண்டர்டேக்கர் சீட்டுக்கட்டு வைத்து விளையாடிய தலைமுறை ஆயிற்றே, விடுவோமா?

“எல்லாம் பேசி வெச்ச சண்டை வே! யார் ஜெயிப்பான்னு முன்னாடியே தெரியும். அதுல ஒருத்தன் தண்ணி போட்டுட்டு ஏறினா என்ன, போடாம ஏறினா என்ன?” என்றார் ஒரு நண்பர்.

“பேசி வெச்ச சண்டைங்கறதாலதான் போட்டுட்டு ஏறக் கூடாது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விஷயம் சிரிப்புக்கு உரியது அல்ல.

குத்துச்சண்டையில் எதிராளி அடிக்க வருகிறான் என்று தெரியும். கையை மறைத்துத் தற்காத்துக்கொள்ளலாம். தொழில்முறை மல்யுத்தத்தில் அப்படி இல்லை. நூறு கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்கும்போது, அந்த ஆள் தன் கழுத்தை நம்பிக்கையோடு உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார். கீழே இருப்பது மெத்தை அல்ல சார், இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, கொஞ்சம் ஸ்பாஞ்ச், ஒரு கித்தான் துணி. முதுகு பரவலாக விழுந்தால் வலியோடு போகும். ஒரு நொடி பிசகித் தலை முதலில் இறங்கினால்..? முடிவுதான் பொய். விழுகிற விழுக்காடு நிஜம்!

2011 மார்ச் 13. அமெரிக்காவில் ‘விக்டரி ரோடு’ என்ற நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம். சாம்பியன் பட்டத்துக்கு ஸ்டிங்கும் ஜெஃப் ஹார்டியும் மோதவேண்டும். ஹார்டி நடந்து வந்த விதத்திலேயே அவர் நிதானத்தில் இல்லை என்பது தெரிந்தது. எரிக் பிஷாஃப் மேடைக்கு ஓடிவந்து பேச்சால் நேரத்தைக் கடத்தினார். பிறகு ஸ்டிங் சட்டென்று ஒரு பிடி போட்டு, ஹார்டியை எழ விடாமல் அமுக்கி, ஒன்றரை நிமிஷத்துக்குள் கதையை முடித்தார். ரசிகர்கள் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். ஸ்டிங்கே ‘நீங்க சொல்றது சரிதான்’ என்று ஒத்துக்கொண்டார்!

ஸ்டிங்குக்கு அப்போது 51 வயது. அந்தக் கழுத்தை அன்று காப்பாற்றியது அவருடைய அனுபவம்தான். அந்த வருஷமே ஹார்டி ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சரி, அவரைத் திரை தாண்டி வெளியே விட்டது யார்? அவர் ஒருத்தரை மட்டும் திட்டிவிட்டு அந்தக் கேள்வியை மறந்துவிட முடியுமா?

இது நம்ம ஊர் ஆளையும் தொட்ட விஷயம். ‘கிரேட் காளி’ தலீப் சிங் ராணா, 2001-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மல்யுத்தப் பள்ளியில் பயிற்சியில் இருந்தார். மே மாதம் ஒருநாள் அவர் தூக்கிப் போட்டதில் உடன் பயின்ற இளைஞர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அந்த இளைஞருக்கு முன்பே ஒருமுறை பயிற்சியில் அடிபட்டு மூளை குலுங்கியிருந்தது. குடும்பம் வழக்குப் போட்டது. 2005-ல் ஜூரிகள் பள்ளியின் மேல்தான் பொறுப்பைச் சுமத்தினார்கள். நஷ்டஈடு 13 லட்சம் டாலருக்கும் மேல்!

ஆக, தடுமாற்றம் என்றால் பாட்டில் மட்டும் அல்ல. ஆறாத அடியும் தடுமாற்றம்தான். பாட்டிலையாவது மோப்பம் பிடிக்கலாம். இதைக் கேட்டால்தான் தெரியும். அதைக் கேட்கவேண்டிய கடமை நடத்துகிறவருக்கு.

பெரிய கம்பெனிகளுக்கும் புத்தி தாமதமாகத்தான் வந்தது. 2005 நவம்பரில் எட்டி கரேரோ 38 வயதில் இறந்த பிறகு, 2006-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. போதைப்பொருள் பரிசோதனையையும் இதயப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்ய 2010 ஆனது. 2022 ஜூனில் ஹார்டி குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானபோது, அப்போது அவர் இருந்த ஏ.ஈ.டபிள்யூ. சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தது, சிகிச்சை முடித்து நிதானத்தோடு வந்தால்தான் இடம் என்றது. தண்டனையும் உண்டு, வழியும் உண்டு.

“டிக்கெட் வித்தாச்சு, இனிமே எப்படி நிறுத்துறது?” என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்கிற சாக்கு. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் சார். கழுத்தை?