ஒரு நாள் வெற்றியும் நெடுநாள் கணக்கும்

சில விளையாட்டுகள் புதியவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பொழுதுபோக்காகச் சதுரங்கம் ஆடும் ஒருவர் கிராண்ட்மாஸ்டரோடு பத்து ஆட்டம் ஆடினால், பத்திலும் தோற்பார் என்றே எதிர்பார்க்கலாம். ஆனால் போக்கர் என்னும் சீட்டாட்டத்தில், அமெச்சூர் ஒருவர் உலகப் பெரும் போட்டியில் நுழைந்து, அதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கடந்து முதற்பரிசு பெற்றதுண்டு. அஃது எவ்வாறு இயன்றது? அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? இவ்விரண்டையும் இன்று ஆராய்வோம்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் உலகப் போக்கர் தொடர் நடைபெறுகிறது. அதன் தலைமைப் போட்டிக்கு நுழைவுத்தொகை 10,000 டாலர். 2003ஆம் ஆண்டில் கிறிஸ் மணிமேக்கர் என்ற 27 வயதுக் கணக்கர் அதில் கலந்துகொண்டார். அவர் அப்பெருந்தொகையைச் செலுத்தவில்லை. நூறு டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையவழி நடந்த தகுதிப் போட்டியில் வென்று, அந்த இடத்தைப் பெற்றார். தலைமைப் போட்டியிலும் வென்று 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். 'பணம் ஆக்குபவர்' என்று பொருள்படுவதே அவருடைய இயற்பெயர்! செய்தி பரவியது. 2003இல் 839 பேர் ஆடிய போட்டியில், 2004இல் 2,576 பேரும், 2006இல் 8,773 பேரும் ஆடினர். ஒரு கணக்கர் வென்றாரெனில் நாமும் வெல்லலாமே என்று எண்ணியவர் பலர்.

ஆட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். ஐந்து சீட்டுகள் நடுவில் படிப்படியாகத் திறக்கப்படும். இவ்வேழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். இடையிடையே பந்தயம் கட்டுவர். பந்தயத்தின் அளவை அறிவதிலும், எதிரியின் எண்ணத்தைக் கணிப்பதிலும், சீட்டை எப்போது கீழே வைப்பது என்று தேர்வதிலும் திறமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் சீட்டு எவ்வாறு விழும் என்பது எவர் கையிலும் இல்லை.

தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இணை இரண்டு ஏஸ்கள். 52 சீட்டுகளில் இரண்டை 1,326 வகையாக எடுக்கலாம். அவற்றுள் ஆறு வகையே இரண்டு ஏஸ்களைத் தரும். அதாவது 221 முறைக்கு ஒரு முறை. அந்த அரிய இணை கிடைத்தும், எதிரியிடம் இரண்டு ராஜாக்கள் இருந்தால், நூற்றுக்கு ஏறக்குறைய 80 முறையே வெற்றி. கைச்சில்லுகள் அனைத்தையும் வைத்து இத்தகைய ஐந்து சோதனைகளைச் சந்திப்பவர் ஐந்திலும் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஐந்தில் நான்கு என்பதை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கும் நிறைவதில்லை! வல்லுநரும் வீழ்வதும், புதியவர் சிலர் எஞ்சுவதும் இதனாலேயே.

1,024 மாணவர்கள் ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டினால், அவர்களுள் ஒருவருக்குப் பத்தும் தலையாகவே விழும் என்று எதிர்பார்க்கலாம். அவரை நாணயம் சுண்டுவதில் வல்லவர் என்று நாம் போற்றுவதில்லை. மணிமேக்கர் வெறும் நாணயம் சுண்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு போட்டியின் முடிவைக் கொண்டு திறமையையும் வாய்ப்பையும் பிரித்தறிய இயலாது என்பதே என் கருத்து.

இதற்கு நம் பழனி மலையிலேயே நல்லதோர் உவமை உண்டு. கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட வான் ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனின் படங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. ஏதேனும் ஒரு நாட்படத்தில் கரும்புள்ளி இல்லாதிருக்கலாம். அதைக் கொண்டு சூரியனில் கரும்புள்ளியே இல்லை என்று எந்த அறிஞரும் எழுதமாட்டார். புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குவது தொடர்ந்த பதிவினாலேயே புலப்படும். ஒரு நாள் வெற்றி ஒரு நாட்படம் போன்றது. நெடுநாள் கணக்கே உண்மை கூறும்.

2003ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசு பெற்றவர் 63 பேர். எஞ்சிய 776 பேர் வெறுங்கையுடன் திரும்பினர். அவர்களுடைய படத்தை எவரும் அச்சிடவில்லை. இணையவழி ஆட்ட விளம்பரங்களும் பல ஆண்டுகள் வென்றவரையே காட்டின. நடத்துவோர் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரும் சேர்ந்து பெறுவது, அவர்கள் சேர்ந்து இட்டதைவிட எப்போதும் குறைவே.

இதனால் நம் மாநிலத்தில் நேர்ந்த துயரம் சிறிதன்று. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோர் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டே சட்டப்பேரவை தடைச்சட்டம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநரின் இசைவு கிடைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் வெறும் வாய்ப்பு விளையாட்டுகளாகக் கொண்ட பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமோ, திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு பாராது, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

சட்டத்திற்கு நெடுங்காலம் முன்பே திருவள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அதன் முதற்குறள் தோற்பவனை நோக்கியதன்று, வெல்பவனை நோக்கியது. வெற்றியே தூண்டில் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

ஆகவே நண்பர்களே, வென்றவர் ஒருவரைக் காட்டி எவரேனும் உங்களை அழைத்தால், மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எத்தனை பேர் நுழைந்தனர்? எத்தனை பேர் இழந்தனர்? வென்றவரின் நெடுநாள் வரவு செலவு யாது? இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை உங்கள் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.