எரியாமலே இருக்கும் எச்சரிக்கை விளக்கு நன்றாக இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

சில பெரிய கட்டடங்களில் ஜெனரேட்டர் அறை வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். உள்ளே தீப்பிடித்தால் கரியமில வாயு தானாகப் பாய்ந்து அணைத்துவிடும். அந்த அளவு வாயு மனிதரையும் கொன்றுவிடும். 'உடனே வெளியேறு' என்று சொல்லத்தான் அந்த விளக்கு.

ஆண்டுக்கணக்கில் எரியாத விளக்கு. நடுவில் எலி ஒயரைக் கடித்திருந்தால்?

சமையலறையில் இருந்தபடி தூளிக் கயிற்றைப் பிடித்திருக்கும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறுந்தால் கைக்கு உடனே தெரிந்துவிடும், எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு விளக்கை எரியவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அப்படித்தான். மிகச் சிறிய மின்னோட்டத்தை ஒயரில் ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். ஒயரின் கடைசியில் உள்ள ரெசிஸ்டர் வழியாக அது திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரியும்.

மின்னோட்டம் ஓடியும் சிவப்பு விளக்கு ஏன் எரிவதில்லை? அதனுள் டயோடு இருக்கிறது. மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும். காவல் மின்னோட்டம் எதிர்த்திசையில் வருவதால் விளக்கு அதை வாங்காது. தீ என்றதும் பெட்டி பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிவிடும்; விளக்கு பளிச்சென்று எரியும். இரண்டே ஒயரில் காவலும் எச்சரிக்கையும், எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதைக் கெடுப்பது பெரும்பாலும் அவசர வேலைதான். பல விளக்குகள் இருந்தால், ஒயர் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் புகுந்து வெளியே வந்து அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் கிளை பிரித்து ஒரு விளக்கை மாட்டினால், அந்தக் கிளை அறுந்தாலும் மின்னோட்டம் நேர்வழியில் திரும்பிவிடும், பெட்டிக்குத் தெரியாது. ரெசிஸ்டரைப் பெட்டிக்குள்ளேயே மாட்டுவது இன்னும் ஆபத்து. வெளியே போகும் ஒயர் முழுவதும் காவலின்றிக் கிடக்கும்.