‘டிங்’னு கேட்டா போச்சு!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறைக்குள் நுழைகிறவர் கண் நேரே ஃபர்னஸுக்குத்தான் ஓடும். 800 டிகிரியில் செக்கச்செவேலென்று ஜொலிக்கிற இரும்பை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்! ஆனால் முதலில் அந்த மூலை மேஜைக்கு வாருங்கள். அங்கே ஒருவர் களிமண் பிசைகிறார். நிஜமாகவே களிமண்!

எண்ணெயில் முக்கி இறுக்கும் ஓ.எச்.என்.எஸ். ஸ்டீலில் செய்த டை (அச்சு) ஒன்று. ஓரத்தை ஒட்டியிருக்கும் துளைகளில் அந்தக் களிமண்ணை, அதாவது ஃபயர் கிளேயை, அடைக்கிறார். ஏன்? எண்ணெயில் முக்கும்போது மெல்லிய இடம் சட்டென்று ஆறும், தடித்த இடம் சாவகாசமாக ஆறும். இங்கேதான் விஷமம். ஆறுகிற எஃகு சுருங்கத்தானே வேண்டும்? 200 டிகிரி வாக்கில் மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பாக மாறத் தொடங்கியதும் அது வீங்குகிறது! வெளித்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு உள்ளே வீங்கினால் தோல் கிழியாமல் என்ன செய்யும்? ‘டிங்’ என்று சத்தமே கேட்கும். கேட்டால் ஜாப் (பட்டறை மொழியில், வேலைக்கு வந்த பொருள்) காலி.

கூரான மூலை, கீவே, ஆழமான டூல் கோடு எல்லாமே விரிசலுக்குப் பிடித்த இடங்கள். இதில் உச்சம், அடையாளத்துக்காகச் சுத்தியலால் அடித்த நம்பர் பஞ்ச். அந்த ‘7’இன் முனையிலிருந்தே விரிசல் கிளம்பும்!

அடுத்தது எண்ணெய்த் தொட்டி. குளிர்ந்த எண்ணெய் வேகமாக ஆற்றும் என்றுதானே நினைப்போம்? அது கெட்டியாக இருக்கும், சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். அதனால் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கியே வைக்கிறார்கள். ஜாபைச் சும்மா அமிழ்த்தியும் வைக்கக் கூடாது. சுற்றிலும் ஆவிப்போர்வை மூடிக்கொண்டால் அங்கங்கே மெத்தென்று நின்றுவிடும். ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தாலோ விரிசலோடு தீயும் சேர்ந்து வரும். சோதனை படு ஜோர்: சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுகிறார்கள். தாளிப்பில் கடுகு போலப் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது!

வெளியே எடுத்த ஜாப் இன்னும் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, மறுபடி மிதமாகச் சூடாக்கும் டெம்பரிங் ஃபர்னஸுக்குள் போயாக வேண்டும். முழுக்க ஆறவிட்டால் உள்ளிறுக்கத்தில் அதுபாட்டுக்கு மேஜைமேலேயே வெடிக்கலாம். புதுப் பையன் டீக்கடைப் பக்கம் நகர்கிறான். “டீ எங்கேயும் போயிடாது தம்பி, முதல்ல டெம்பரிங்ல போடு!” என்கிறார் ஃபோர்மேன்.

இத்தனையும் தாண்டி கிரைண்டிங்குக்குப் போன ஜாப் சில சமயம் விரிசலோடு திரும்பி வரும், “உங்க ஹீட் ட்ரீட்மெண்ட் சரியில்ல” என்ற புகாருடன். அப்போது தொடங்குகிறது எனக்கு மிகவும் பிடித்த துப்பறிதல். விரிசல் வழியாகவே அதை உடைத்துப் பிளக்கிறார்கள். உள்முகத்தில் எண்ணெய்க்கறையோ டெம்பரிங் நிறமோ ஏறியிருந்தால் குற்றம் இங்கேதான். வாயைத் திறக்க முடியாது. உள்ளே பளபளவென்று இருக்கிறதா? மேலே, கிரைண்டிங் கல் ஓடிய திசைக்குக் குறுக்கே மெல்லிய கோடுகளும் தெரிகின்றனவா? அவசரத்தில் ஒரேயடியாக ஆழமாகத் தேய்த்துச் சூடாக்கியிருக்கிறார்கள்! ஃபோர்மேன் முகத்தில் ஒரு சிரிப்பு. உடனே போனை எடுத்து கிரைண்டிங்காரரைக் கூப்பிடுகிறார்.