கடவுச்சொல் சரி, கடிதம் மட்டும் வரவில்லை

கட்டாரிலிருக்கும் மகன் அனுப்பிய பத்திரங்கள் வீட்டுக் கணனிக்கு வந்து சேரவில்லையா? கடவுச்சொல் பிழை என்று அவுட்லுக் திரும்பத் திரும்பச் சொல்கிறதா? பதறிப்போய்க் கணக்கை நீக்கிவிடாதீர்கள். பழைய கடிதங்கள் அந்தக் கணனியில் மட்டுமே இருக்கக் கூடும்.

முதலில் குரோம் வழியாக ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். அங்கும் கடிதம் இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜீபீ இடம் நிரம்பியிருக்கலாம். வீடியோக்களை அழித்து இடம் ஒதுக்குங்கள்.

அங்கே கடிதம் இருந்தால் இணைப்பிலும் பிழையில்லை, உங்கள் ஞாபகத்திலும் பிழையில்லை. வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வேறு மென்பொருள்கள் உள்ளே வருவதைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. பழைய அவுட்லுக்குக்கு இது விளங்குவதில்லை. பாவம், உங்களையே குறை சொல்கிறது. கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு 16 எழுத்துக்கள் கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று, பழைய கடவுச்சொல்லுக்குப் பதிலாக அவுட்லுக்கில் இடுங்கள். உதவி செய்வதாகத் தொலைபேசியில் கேட்பவர் எவருக்கும் அதைச் சொல்லாதீர்கள்.

பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வந்தால் கணனியின் திகதியைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் காசளவு பற்றரி தீர்ந்துபோனால் ஆண்டு பின்னுக்குப் போய்விடும். திகதியைத் திருத்தி, பற்றரியை மாற்றினால் போதும்.